கட்டிய வரிக்குக் கழிவு: யாருக்கு, எவ்வளவு?

நியூயார்க்கிலோ நியூஜெர்சியிலோ வசிக்கும் ஒருவர் மாநிலத்துக்கு வருமான வரியும் ஊருக்குச் சொத்து வரியும் கட்டுகிறார். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு, மிச்ச வருமானத்துக்கு மட்டும் வாஷிங்டனில் உள்ள கூட்டரசுக்கு வரி கட்டினால் போதுமா? இந்தக் கழிவு அமெரிக்காவின் வருமான வரி அளவுக்கே பழையது. உள்நாட்டுப் போர்க்காலச் சட்டத்திலும் இருந்தது, 1913ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அதற்கு 10,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. 2025 ஜூலையில் வரம்பு 40,000 டாலராக உயர்ந்தது. 2030இல் பழைய 10,000க்கே திரும்பும். அங்கே நாடாளுமன்றத்தில் நடக்கும் பேரமெல்லாம் இந்த எண்ணைப் பற்றித்தான். எண்ணுக்கு முன்னால் தீர்க்க வேண்டியது வேறு. ஒருவர் உள்ளூருக்குக் கட்டும் வரியில் ஒரு பங்கை நாட்டின் மற்றவர்கள் சுமப்பதற்கு நியாயம் உண்டா? உண்டென்றால் அந்த உதவி யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

நியாயம் உண்டு என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ள முடியாது. வரியாகப் போன பணம் கையில் நிற்பதில்லை. கையில் நில்லாத பணத்துக்கு இன்னொரு அரசு வரி கேட்பது எப்படிச் சரியாகும் என்று கேட்கிறார்கள். மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸில் இருப்பவரும், அதே சம்பளம் வாங்கி நியூயார்க்கில் வரி கட்டுபவரும் ஒரே அளவு வசதி படைத்தவர்கள் அல்லர். அந்த வரிப் பணத்தில்தான் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டில் மாநிலத்தின் பங்கு கொடுக்கப்படுகிறது. இதுவரை சரி. ஆனால் வரி முழுவதும் பிறருக்காகப் போவதில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை உள்ளூர்ச் சொத்து வரியைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. நியூயார்க் நகருக்கு வடக்கே உள்ள ஸ்கார்ஸ்டேல் போன்ற செல்வந்தர் ஊரில் கட்டும் சொத்து வரி, பெரும்பாலும் அதே ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கே திரும்பி வருகிறது. தனியார் பள்ளிக்குக் கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு அந்தக் கட்டணத்தில் கழிவு கிடையாது. தங்கள் ஊருக்கென்று நல்ல பள்ளி நடத்துபவர்களின் செலவில் மட்டும் நாடு ஏன் பங்கேற்க வேண்டும்?

கழிவு நியாயம்தான் என்றே வைத்துக்கொண்டாலும், அது கொடுக்கப்படும் முறை நியாயமாக இல்லை. வருமானத்தின் கடைசிப் பகுதிக்கு 32 சதவீத வரி கட்டுபவர் 1,000 டாலர் கழித்தால் அவருக்கு 320 டாலர் மிச்சமாகிறது. 12 சதவீதப் படியில் இருப்பவருக்கு மிச்சம் 120 டாலர்தான். கணக்குக் காட்டாமலே எல்லோரும் எடுக்கக்கூடிய நிலையான கழிவை எடுப்பவருக்கு ஒன்றுமே இல்லை. 2017க்குப் பிறகு வரி கட்டுவோரில் பத்தில் ஒன்பது பேர் இந்தக் கடைசி வகையினர். நியூஜெர்சியின் நியூவர்க் நகரில் வாடகை வீட்டில் குடியிருப்பவர், வீட்டுக்காரரின் சொத்து வரியை வாடகையோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார். கழிவோ அவர் பெயரில் வராது. அதிகம் இருப்பவருக்கு அதிகமாகவும் குறைவாக இருப்பவருக்கு ஒன்றுமில்லாமலும் போகும் உதவியை, தனியொரு திட்டமாக எழுதி வாக்குக் கேட்க எந்த அரசியல்வாதியும் துணியமாட்டார்.

பெரும் பணக்காரர்களைத்தான் புதிய சட்டம் விலக்கிவிட்டதே என்பார்கள். ஆண்டு வருமானம் சுமார் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் வரம்பு படிப்படியாகக் குறைந்து, சுமார் 6 லட்சத்தில் மறுபடி 10,000 ஆகிறது என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்தே கிடக்கிறது. கூட்டு நிறுவனம் நடத்தும் வழக்கறிஞர், முதலீட்டு நிதியின் பங்காளி போன்றோர் தங்கள் மாநில வரியை நிறுவனத்தின் பெயரில் கட்டி, அதைத் தொழில் செலவாக வரம்பின்றிக் கழித்துக்கொள்ள 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழி செய்து கொடுத்திருக்கின்றன. 2020இல் கூட்டரசின் வரித்துறையும் அதை ஏற்றுக்கொண்டது. அதே வருமானத்தைச் சம்பளமாக வாங்கும் மருத்துவருக்கு இந்த வழி கிடையாது. 2025இல் கீழவை சில தொழில்களுக்காவது கதவை மூடப் பார்த்தது. இறுதிச் சட்டத்தில் அது நீங்கிவிட்டது. ஒரே ஊர், ஒரே வருமானம், ஒரே மாநில வரி. சம்பளமா லாபப் பங்கா என்ற வேறுபாட்டால் ஒருவருக்கு வரம்பு, மற்றவருக்கு வரம்பே இல்லை. இந்த முழு விவகாரத்திலும் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாத அநீதி இதுதான்.

கழிவைக் குறைத்தால் மாநிலங்கள் பணக்காரர்களுக்கு வரி போட அஞ்சி, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கொடுப்பதைக் குறைக்கும் என்ற அச்சம் எளியவர்களைப் பற்றியது; பொருட்படுத்த வேண்டியது. ஆனால் 10,000 டாலர் வரம்பு நடப்பில் இருந்தபோதே 2020இல் நியூஜெர்சி கோடீஸ்வரர் வரியை விரிவாக்கியது, 2021இல் நியூயார்க் தன் உச்ச வரி விகிதத்தை 10.9 சதவீதமாக உயர்த்தியது, 2022இல் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 4 சதவீதக் கூடுதல் வரிக்கு ஒப்புதல் தந்தார்கள். அஞ்சியபடி கைகள் கட்டுண்டுவிடவில்லை. எங்கள் மாநிலம் வாஷிங்டனுக்குக் கொடுப்பது அதிகம், வாங்குவது குறைவு என்ற குறையும் சரியான தராசில் நிறுத்தப்படுவதில்லை. கூட்டரசுக்கு வருமான வரி கட்டுவது மாநிலமல்ல, மனிதர்கள். அங்கே அதிகம் சம்பாதிப்பவர்கள் அதிகம் இருப்பதால் அதிகம் போகிறது. 2017இல் வரம்பு வைத்த குடியரசுக் கட்சியினர் எதிர்க்கட்சி மாநிலங்களைக் குறிவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கலாம். வரம்பால் கிடைத்த வருவாய் வேறு வரிச் சலுகைகளுக்கே போனதும் கசப்பானது. அதற்காக, தலைகீழாகப் பாயும் ஒரு சலுகை நேராகிவிடாது. சமத்துவம் பேசும் ஜனநாயகக் கட்சி 2021இல் வரம்பை 80,000 ஆக்கக் கீழவையில் வாக்களித்தது. 2025இல் உயர்த்தச் சொல்லி முன்னின்றவர்கள் நியூயார்க்கின் குடியரசுக் கட்சியினர். இரு தரப்பையும் நடத்தியது தொகுதிக் கணக்கு.

மாநிலச் செலவில் நாடு பங்கேற்பது சரியென்றால், கட்டிய வரியில் ஒரே சதவீதத்தை எல்லோருக்கும் வரியிலிருந்து நேரடியாகத் தள்ளிக் கொடுக்கட்டும். வாடகைதாரருக்கும் அதில் பங்கு இருக்கட்டும், வரி கட்டுமளவு வருமானம் இல்லாதவருக்குப் பணமாகவே போகட்டும். அதுவரை முதலில் செய்ய வேண்டியது, கூட்டு நிறுவனப் பங்காளிகளுக்குத் திறந்துவிட்ட கதவை மூடுவது. அதை மூடாமல் 10,000 என்றோ 40,000 என்றோ வைக்கப்படும் எந்த வரம்பும் சம்பளக்காரருக்கு மட்டுமான வரம்பு.