என்ன செய்யுதுன்னு சொல்லுங்க

"மோட்டார் ரிப்பேர், இன்னைக்குத் தண்ணி வராது." தென்காசியில் எந்தத் தெருவிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. ஆங்கிலத்தில் ரிப்பேர் என்பது, கெட்டதைச் சரிசெய்கிற வேலைக்குப் பெயர். நாம் அதைக் கெட்டுப்போனதற்கே பெயராக்கிக்கொண்டோம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வாங்கிய சொல்லைத் தன் தேவைக்கு வளைத்துக்கொள்வது உயிருள்ள மொழியின் இயல்பு. என் கவலை வேறு. மோட்டார் ரிப்பேர், கதவு ரிப்பேர், ரோடு ரிப்பேர், கடைசியில் உடம்பும் ரிப்பேர் என்று ஆனபிறகு, எது எப்படிக் கெட்டது என்று சொல்கிற பழக்கமே நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

எல்லா ஆங்கிலச் சொல்லையும் இதில் சேர்க்க மாட்டேன். பஞ்சர் என்றால் டியூபில் ஓட்டை, யாருக்கும் விளங்கும். ஃபியூஸ் போச்சு என்றால், அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்து மெல்லிய கம்பி ஒன்று உருகி அறுந்திருக்கிறது, அது அறுந்ததால் வீட்டு வயரிங் தப்பியது என்பதுவரை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இவை பொருளோடு வந்த சொற்கள், இருக்கட்டும். ஃபெயில், டேமேஜ், ப்ராப்ளம், ரிப்பேர் ஆகிய நான்கும்தான், நடந்தது என்ன என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடுகின்றன.

நம் வீடுகளில் புழங்கும் சொற்களைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். மரம் உளுத்துப்போகும். கயிறு இற்றுப்போகும். பால் திரியும். குழம்பு ஊசிப்போகும். எண்ணெய் காறிப்போகும். கத்தி மழுங்கும். கிணறு தூர்ந்துபோகும். வியாபாரம் நொடிக்கும். உளுத்தது என்றால் பூச்சி உள்ளிருந்து தின்றிருக்கிறது. மேலே பெயிண்ட் அடித்துப் பயனில்லை. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் டின்னைச் சரியாக மூடாவிட்டால் முறுக்கு நமத்துப்போகும். நமத்ததை லேசாகச் சூடுகாட்டி மீட்கலாம். ஊசியதை மீட்க முடியாது, கொட்டத்தான் வேண்டும். மீளுமா மீளாதா என்ற தீர்ப்பும் சொல்லிலேயே இருக்கிறது.

வயலுக்குப் போனால் இது இன்னும் நுணுக்கமாகும். குற்றாலத்தில் அருவியாக விழுகிற சிற்றாறு, தாமிரபரணியைப் போய்ச் சேருவதற்கு முன் அணைக்கட்டுகள் வழியாகவும் கால்வாய்கள் வழியாகவும் எத்தனையோ குளங்களை நிரப்புகிறது. அந்தக் குளத்துக்கரை முதலில் கசியும், பிறகு அரிக்கும், பிறகு உடைப்பெடுக்கும். கசியும்போது ஓரிருவர் மண்வெட்டியோடு போனால் போதும். உடைப்பெடுத்தால் ஊரே திரளவேண்டும். இந்த மூன்றையும் 'பண்ட் டேமேஜ்' என்று ஒன்றாக எழுதினால், எத்தனை பேரை அனுப்புவது என்று எப்படித் தெரியும்? நெல்லும் அப்படித்தான். பால்பிடிக்கிற பருவத்தில் தண்ணீர் கிடைக்காமல் மணி வைக்காத கதிரைச் சாவி என்பார்கள். எந்தப் பருவத்தில், எதனால் என்பது அந்த இரண்டெழுத்தில் அடங்கும். மழை வராததைப் பொய்த்தது என்று சொன்னார்கள். வானம் வாக்குத் தவறியதாகவே வருத்தப்பட்டவர்கள் அவர்கள். இப்போது 'சீசன் ஃபெயிலியர்' என்கிறோம்.

ஆனால் ஒர்க் ஷாப்புக்குப் போய்ப் பாருங்கள். "அண்ணாச்சி, வண்டி ரிப்பேர்" என்று நாம் சொன்னதும், அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேட்பார்: "என்ன செய்யுதுன்னு சொல்லுங்க." உடனே நம் வாயில் தமிழ் வந்துவிடும். ஏத்தத்துல திணறுது, திக்கித் திக்கி ஓடுது, பிரேக் பிடிச்சா கீச்சுங்குது. அதற்குப் பிறகுதான் அவருக்கு எந்த மூடியைத் திறப்பது என்று தெரிகிறது. டாக்டரிடமும் இதே கதைதான். வயிற்றுவலி என்றால் போதாது. குத்துதா, எரியுதா, இழுத்துப் பிடிக்குதா என்று கேட்பார். கைவைத்துச் சரிசெய்கிறவர்களுக்குப் பொதுச்சொல் உதவுவதில்லை.

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அப்படிச் சரிசெய்கிறவர்களின் அருமையை அறிந்தவன் என்று நினைக்கிறேன். அவன் வெட்டிவைத்த கல்வெட்டுப் பாடலின் கருத்து இது: இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குற்றம் ஏதேனும் வந்தால், அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், உலகறிய அவரைப் பணிகிறேன். ஓர் அரசன் தன் பெருமையை மட்டும் கல்லில் எழுதாமல், தான் கட்டியது பழுதுபடும் என்பதையும் எழுதினான். முகம் தெரியாத கொத்தனுக்கும் தச்சனுக்கும் முன்கூட்டியே வணக்கம் வைத்தான். பிற்காலத்தில் ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. திரும்ப எழுப்பி 1990இல் குடமுழுக்கு நடந்தது. அந்த வணக்கம் அந்தக் கைகளைச் சேர்ந்திருக்கும்.

கல்லுக்குக் காட்டிய இந்தப் பரிவைப் பிள்ளைகளுக்கும் காட்டவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன். பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று, "அவன் ஃபெயில்" என்கிறோம். 35 மதிப்பெண் வேண்டிய இடத்தில் 28 எடுத்தது ஒரு தாள். ஃபெயில் என்ற சொல்லோ முழுப் பிள்ளைமேலும் விழுகிறது. நம் பெரியவர்கள் "கணக்குல தேறலை" என்றார்கள். காய்ச்சலில் கிடந்தவன் எழுந்து நடமாடினால், "உடம்பு தேறிட்டு வாரான்" என்கிறோமே, அதே தேறுதல். இன்று தேறாதது நாளை தேறும். அந்தச் சொல்லில் அதற்கு இடம் இருக்கிறது.

எனவே அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ஒர்க் ஷாப் அண்ணாச்சியைப் போல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கணக்கு தட்டுது? வடிவியலா, இயற்கணிதமா? கேள்வியே புரியலையா, நேரம் பத்தலையா? விடையைப் பொறுத்து உதவியும் மாறும். தேறாத தாளை மறுபடி எழுதத் துணைத் தேர்வை அரசு அதே ஆண்டிலேயே நடத்துகிறது. விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் அவகாசம் இருக்கும். முடிவு வந்ததுமே பள்ளியில் விசாரித்துவிடுங்கள்.