அம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில்

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 பேண்ட் வாங்க வேண்டும். எழுத்துக்கு மட்டும் 6.5 போதும். பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் தெருவில் உள்ள லேடீஸ் பிஜியில் தங்கி, ஐசியூவில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அந்த 7-க்காகத் தயாராகிறாள். பண்ருட்டிப் பக்கம். நைட் ட்யூட்டி இல்லாத மாலைகளில் வந்து என் எதிரே உட்காருவாள். நான் கேள்வி கேட்பேன். மற்ற மூன்றில் அவளுக்குப் பயமில்லை. பேச்சு என்றதும் குரல் உள்ளே போய்விடும்.

பேச்சுத் தேர்வு நீளமானதல்ல. 11 முதல் 14 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதலில் ஊர், வீடு, வேலை, சாப்பாடு என்று சின்னக் கேள்விகள். பிறகு ஒரு கார்டைக் கொடுப்பார்கள். நீங்கள் மதிக்கும் ஒருவர், மறக்க முடியாத ஒரு பயணம் என்று ஏதாவது இருக்கும். ஒரு நிமிடம் யோசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். கடைசியில் அதே விஷயத்தை ஒட்டி நம் கருத்தைக் கேட்பார்கள். தங்கு தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, நான்குக்கும் சம எடை. தமிழ்ச் சாயல் இருப்பதே குற்றமாகாது. சொல்வது புரிய வேண்டும். நாம் சொன்னது உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஒரு வியாபாரமே நடக்கிறது. எந்தக் கார்டு வந்தாலும் ஒட்டவைக்கத் தயாரான பதில்கள் போனுக்குப் போன் சுற்றுகின்றன. அவளிடமும் ஒரு கட்டு இருந்தது. கடின உழைப்பாளி என்றால் அதிகாலையில் எழுந்து உடற்பயிற்சி செய்யும் சாப்ட்வேர் மாமா. பயணம் என்றால் பாரிஸ். அவள் அதை ஒப்பிக்கும்போது கண் விட்டத்துக்குப் போய்விடும். நடுவில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் சரிந்துவிடும். தேர்வாளர்கள் மனப்பாடத்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள். இன்னொரு கேள்வியைப் போட்டால் மாமா காணாமல் போய்விடுவார்.

ஒருநாள் கார்டை மூடி வைத்துவிட்டுத் தமிழில் கேட்டேன்.

“உனக்குத் தெரிஞ்சு ரொம்ப உழைக்கிறவங்க யாரு?”

“அம்மாதான்க்கா. முந்திரிக்கொட்டை உடைக்கிறாங்க.”

“அப்ப அவங்களைப் பத்தியே சொல்லேன்.”

“அதெல்லாம் இங்கிலீஷ்ல சொல்ற விஷயமாக்கா?”

அவள் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். அதனால்தான் எனக்கு அது அவ்வளவு வலித்தது. இந்தச் சந்தேகத்தை அவளுக்குள் யார் வைத்தார்கள்? பள்ளியில் நாம் எல்லோரும் ‘என் தாய்’ என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியிருக்கிறோம். அந்தத் தாய் அதிகாலையில் எழுவாள், சுவையாகச் சமைப்பாள், இரவில் கதை சொல்லித் தூங்கவைப்பாள். வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே தாய். களையெடுக்கப் போனவள், பீடி சுற்றியவள், கொட்டை உடைத்தவள் ஒருத்தியும் அந்த நோட்டில் இல்லை. மார்க்குக்காக யாருடைய தாயையோ வருஷம் வருஷமாக எழுதிக்கொண்டு வந்தோம். அப்படி வளர்ந்த பிள்ளை, ஆங்கிலம் வேறு யாருடைய வாழ்க்கையையோ சொல்வதற்கான மொழி என்று நினைத்தால் அது அவள் தவறா?

இத்தனைக்கும் அவள் மொழிக்குப் பயந்தவள் இல்லை. பெங்களூருக்கு வந்த புதிதில் அவளுக்குக் கன்னடம் ஒரு சொல்கூடத் தெரியாது. இன்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும் அஜ்ஜியிடம், பாட்டியிடம், வலி எங்கே, மாத்திரை போட்டாயா, மகன் வந்தானா என்று கன்னடத்தில் பேசிச் சிரிக்கவும் வைக்கிறாள். தப்பும் தவறுமாகத்தான். அஜ்ஜி திருத்துவதில்லை, பதில் சொல்கிறாள். கன்னடத்தில் முதல் நாளிலிருந்தே அவள் தன் சொந்த வேலையைப் பேசினாள். ஆங்கிலத்தில் அந்த வாய்ப்பே அவளுக்கு வரவில்லை.

நாங்கள் உட்கார்ந்து இதைப் பேசும் வைட்ஃபீல்டுக்கும் இதில் ஒரு பழைய கதை உண்டு. ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகக் கொண்டவர்களுக்காக உருவான குடியிருப்பு இது. 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் யுரேஷிய, ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்குச் சுமார் 3,900 ஏக்கர் கொடுத்தார். அந்தச் சங்கத்தை நடத்திய டி.எஸ். வைட்டின் பெயர்தான் ஊருக்கு. ஐடி பார்க்கும் மெட்ரோவும் வருவதற்கு வெகுகாலம் முன்பு, இங்குள்ள இன்னர் சர்க்கிளில் ஓட்டு வீடு கட்டி விவசாயம் செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். தாயிடம் கற்ற மொழி ஆங்கிலம். ஆனாலும் அவர்கள் பேசும் தொனியை வெள்ளைக்காரர்கள் ‘சீ-சீ’ ஆங்கிலம் என்று கேலி செய்தார்கள். பிறப்பால் வந்த ஆங்கிலத்துக்கே அந்த மரியாதைதான் கிடைத்தது என்றால், குறையே இல்லாத ஆங்கிலம் என்பதைத் துரத்துவதில் முடிவே கிடையாது. நம் பக்கத்தில் ‘வெள்ளிநாக்கு’ சீனிவாச சாஸ்திரியாரைப் பெருமையோடு சொல்வோம். வலங்கைமானில் பிறந்து, வெள்ளையரே வியக்கும்படி ஆங்கிலம் பேசியவர். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் வாயைத் திறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே அவரை நிறுத்திவைத்து நாம் நிறையப் பேரை ஊமையாக்கிவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன். தேர்வு அவரைக் கேட்கவில்லை. 7 பேண்டில் தயக்கத்துக்கும் இடமுண்டு, சில பிழைகளுக்கும் இடமுண்டு.

மறுபடி உட்கார்ந்தபோது அவள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். முதலில் மெதுவாகத்தான் வந்தது. கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது, பட்டால் தோல் வெந்துவிடும், அதனால் அம்மா கையில் சாம்பலைத் தடவிக்கொள்வாள். கட்டையால் ஒரே அடி, ஓடு பிளக்க வேண்டும், உள்ளே பருப்பு உடையக் கூடாது. முழுப் பருப்புக்குத்தான் விலை, உடைந்துபோனால் விலை இறங்கிவிடும். அம்மாவின் விரல் நுனிகள் கறுத்திருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. இதற்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் எல்லாமே அவளிடம் இருந்தன. தோல், எண்ணெய், சாம்பல், தீக்காயம், விலை: ஐசியூவிலும் கடையிலும் தினம் புழங்கும் சொற்கள்தான். அகராதியை நாங்கள் தொடவில்லை. அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அம்மாவின் கை அடுத்து என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். நேரம் முடிந்ததாக நான் கை காட்டியும் அவள் நிறுத்தவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் இலக்கணம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. இறந்த காலமும் நிகழ்காலமும் அவளிடம் இன்னும் குழம்புகின்றன. பன்மையில் ஒலி விழுந்துபோகிறது. பேசியதைப் போனில் பதிந்து, திரும்பக் கேட்டு, ஒரே பிழையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் திருத்துகிறோம். இது அலுப்பான வேலை, குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது அவள் திருத்துவது தன் சொந்த வாக்கியத்தை. சாப்ட்வேர் மாமாவின் வாக்கியத்தில் பிழை வந்தபோது அவளுக்கு எங்கே தவறியது என்றே பிடிபடவில்லை.

இன்னும் கடினம் மூன்றாவது பகுதி. அங்கே கதை செல்லாது, அபிப்பிராயம் வேண்டும். வீட்டிலும் வகுப்பிலும் ஆஸ்பத்திரியிலும் “நீ என்ன நினைக்கிறே?” என்று யாரும் கேட்காத பெண்ணிடம் முதல்முறையாக அதைக் கேட்பது ஒரு பரீட்சை. தமிழில் கேட்டாலே திணறுவாள். அதனால் இப்போதெல்லாம் முதலில் தமிழில் சண்டை போட்டுக்கொள்கிறோம், பிறகு அதே சண்டையை ஆங்கிலத்தில்.

போன வாரம் நான் கேட்ட கேள்வி: இங்கே படித்த நர்ஸுகள் வெளிநாட்டுக்குப் போய்விடுவது சரியா? நம் ஆஸ்பத்திரிகளில் ஆள் போதவில்லையே என்று நானே ஒரு பக்கம் பேசினேன். அவள் ஆங்கிலத்தில் மறித்தாள். ஒரு ராத்திரியில் ஒரு நர்ஸ் எத்தனை படுக்கையைப் பார்த்துக்கொள்கிறாள் தெரியுமா, மாதச் சம்பளத்தில் பிஜி வாடகை போக வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் தெரியுமா, நர்ஸுகள் போகக் கூடாது என்பவர்கள் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும் என்றாள். நடுவில் ஒரு வினைச்சொல் காலம் மாறி நின்றது. நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டேன்.