பேரேடும் பிறந்த தேதியும்

எனக்கு இரண்டு பிறந்த நாள்கள். ஒன்று, என் தாயார் நட்சத்திரம் பார்த்துப் பாயசம் வைக்கும் நாள். மற்றொன்று, பள்ளிக்கூடப் பதிவேட்டில் உள்ள நாள். வயது போதாதென்று சேர்த்துக்கொள்ள மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சி, என் தகப்பனார் எட்டு மாதத்தைக் கூட்டிச் சொன்னார். எதிரே இருந்தவர் எழுதிக்கொண்டார். அன்று முதல் நான் பெற்ற சான்றிதழ் ஒவ்வொன்றும் அந்தப் பொய்யின் உண்மை நகல்தான்.

பழைய பந்தயக் கார்களைப் பற்றி அண்மையில் படித்தபோது இந்த நினைவு வந்தது. 1961-ல் இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் வெளியிட்ட ஈ-டைப் காரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதை வாங்க விரும்புகிறவர் முதலில் அதன் ஜாதகத்தைத்தான் கேட்கிறார். தொழிற்சாலையின் பழைய பேரேடுகளை அறக்கட்டளை ஒன்று பாதுகாத்து வருகிறது. கேட்டால் ஏட்டைப் புரட்டிச் சான்றிதழ் தருகிறார்கள். அடிச்சட்டத்தின் எண், எஞ்சின் எண், முதலில் பூசிய வண்ணம், இருக்கையின் நிறம், தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட தேதி, எந்த விற்பனையாளருக்குப் போயிற்று என்பது வரை அதில் இருக்கும். காரில் பொறித்துள்ள எண்களும் ஏட்டிலுள்ள எண்களும் ஒத்துப்போனால் விலை ஏறுகிறது; ஒத்துப்போகாவிட்டால் இறங்குகிறது.

அந்த ஏட்டை ஏன் நம்புகிறார்கள்? எழுதிய குமாஸ்தாவுக்குத் தன் எழுத்துக்கு ஒரு நாள் இவ்வளவு பண மதிப்பு வரும் என்று தெரியாது. அவருடைய கை தவறியிருக்கலாம். மனம் தவறக் காரணமில்லை. என் தகப்பனாருக்கோ காரணம் இருந்தது. எழுதுகிறவனுக்கு ஆதாயம் இல்லாத இடத்தில்தான் ஏடு மிகவும் சுத்தமாக இருக்கிறது.

ஆனால் ஏடு பொய் சொல்லாவிட்டாலும் இரும்பைப் பொய் சொல்ல வைத்துவிடலாம். எஞ்சினில் உள்ள எண்ணை அராவிவிட்டு, ஏட்டில் உள்ள எண்ணைப் புதிதாகக் குத்துகிறவர்கள் உண்டு. அப்போது ஏடும் மெய்; எண்ணும் பொருந்துகிறது; கார் மட்டும் பொய். பாவம், சான்றிதழ் என்ன செய்யும்? கார் எப்படிப் பிறந்தது என்றுதான் அதற்குத் தெரியும். எப்படி வாழ்ந்தது என்று தெரியாதே!

அப்படியானால் எதை அசல் என்பது? 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தின் முன் இதே கேள்வி வந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றது. 1932-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் சரிந்த கரையைத் தாண்டி விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அதை மறுபடி கட்டினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அசலே அல்ல என்று பின்வாங்கியது. 1929-ல் ஓடிய காரின் பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்பது விசாரணையில் தெரிந்தது. ஆனாலும், இது அசல்தான் என்று நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறினாலும் அந்தக் கார் ஒருபோதும் இல்லாமல் போய்விடவில்லை. அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதே அவர் கண்ட நியாயம்.

இந்தத் தீர்ப்பு எனக்கு ஆறுதல் தந்தது. இருபது வயதில் இருந்த என்னில் இன்று எவ்வளவு மிச்சம்? இருந்தும் நான் நானேதான். ஆனால் வரலாறு அறுபடாமல் இருப்பது எதனால்? ஒவ்வொரு கையும் தான் மாற்றியதை மறைக்காமல் அடுத்த கைக்குச் சொல்வதால்தான். உடைந்த எஞ்சினை மாற்றுவதில் தவறே இல்லை. மாற்றவில்லை என்று எண் குத்துவதுதான் தவறு. மாற்றம் அசலைக் கெடுப்பதில்லை, மறைப்புத்தான் கெடுக்கிறது.

என் தகப்பனாரை நான் குறை கூற மாட்டேன். மகன் சீக்கிரம் படிக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஆனால் விண்ணப்பங்களில், 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற வரியின் கீழ்க் கையெழுத்திடும்போதெல்லாம் என் பேனா ஒரு கணம் தயங்கும். பதிவேட்டைத் திருத்த இனி என்னால் ஆகாது. நடந்ததைச் சொல்ல முடியும், சொல்லிவிட்டேன்.