தன் குறைக்குத் தானே சாட்சி

ஒரு துறையில் முதல்வனாக வர இயலாது என்று ஐயமற அறிந்த ஒருவன், அத்துறையில் தன்னைத் திருத்திக்கொள்ள முயல்வது எதற்காக? மலையுச்சியை அடைவோனின் முயற்சிக்கு அந்த உச்சியே விடை கூறிவிடும். பாதி மலையிலேயே தன் வாழ்நாள் முடியும் என்று தெரிந்தும் ஏறுகின்றவனுக்கு விடை கூறுவது எது? உலகில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினரே. சங்கீதத்திலும், எழுத்திலும், வாணிகத்திலும், ஒழுக்கத்திலும் நாம் நடுத்தரத்தினர். ஆதலால் இவ்வினா யாரோ சிலருக்குரியதன்று. நம் அனைவரையும் தொடுவதாகும்.

இதனை ஆராய ஒரு விளையாட்டைத் துணைக்கொள்வோம். கோல்ஃப் ஆட்டத்தை வாசகர்களுள் பலர் ஆடியிரார். செல்வர்தம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியும் இருப்பர். எனினும் மனிதன் தன் குறையோடு எவ்வாறு பழகுகிறான் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஆட்டம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

1744-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோவை அடுத்த லீத் என்னுமிடத்தில் 13 விதிகள் எழுதப்பட்டு ஒழுங்கு பெற்ற ஆட்டம் இது. இன்று 18 குழிகள் கொண்ட திடலில் ஆடப்படுகிறது. பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. அது சென்று விழவேண்டிய குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். தேர்ந்த ஆட்டக்காரர் திடல் முழுவதையும் முடிக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கையைப் பார் என்பர். பெரும்பாலான முழுத் திடல்களில் அது 72 அல்லது அதனையொட்டிய எண்ணாக இருக்கும். இவ்வாட்டத்தில் பந்தை யாரும் நம்மை நோக்கி எறிவதில்லை. யாரும் குறுக்கே வந்து தடுப்பதுமில்லை. அது புல்லின்மேல் அசையாமல் கிடக்கிறது. ஆகவே பந்து தவறிப்போனால் பழியைச் சுமத்த எதிராளி எவரும் இல்லை. காற்றைக் கூறலாம், மட்டையைக் கூறலாம்; கூறுவோரும் உளர்.

இவ்வாட்டத்தில் ஒருவரின் குறைக்கே ஓர் எண் உண்டு. அதுவே ஹேண்டிகேப். 28 ஹேண்டிகேப் உடைய ஒருவர், 72 அடிக்குரிய திடலை, தமக்கு நல்ல நாளாக அமைந்தால், ஏறத்தாழ 100 அடிகளில் முடிப்பார் என்பது அதன் பொருள். முன்பு நாட்டுக்கு நாடு வெவ்வேறாக இருந்த முறைகளை ஒன்றாக்கி, 2020-இல் உலகப் பொதுமுறை வகுக்கப்பட்டது. இறுதியாக ஆடிய 20 ஆட்டங்களுள் சிறந்த 8-ஐக் கொண்டு இந்த எண்ணைக் கணிப்பர். உச்ச வரம்பு 54. இதனால் வல்லவரும் வல்லமை குறைந்தவரும் ஒரே திடலில், சலுகை அடிகளோடு, சமமாகப் போட்டியிட முடிகிறது. குறையை மறைக்காமல் அறிவித்தவருக்கே அச்சலுகை கிடைக்கும் என்பது இதன் நுட்பம்.

இங்கேதான் அறத்தின் சிக்கல் தொடங்குகிறது. இந்த எண்ணைக் குறித்து இருவகைப் பொய்கள் உண்டு. பரிசுக்கு ஆசைப்பட்டவர், வேண்டுமென்றே சில ஆட்டங்களை மோசமாக ஆடித் தம் எண்ணை உயர்த்திக்கொள்கிறார். பெருமைக்கு ஆசைப்பட்டவரோ, ஆகாத அடிகளை எண்ணாமல் விட்டுத் தம் எண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். முன்னவரை எல்லோரும் வஞ்சகர் என்பர். பின்னவரை எவரும் கடிந்துகொள்வதில்லை. அவரால் பிறருக்குக் கேடில்லை அன்றோ! பொய்யான சிறிய எண்ணோடு போட்டிக்குப் போனால் தோற்பவரும் அவரே. எனவே நாம் ஆராய வேண்டியவர் இவரே. நம்முள் பெரும்பாலோர் இவருக்கு உறவினர்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், உலகின் எந்தத் திடலிலும் இவரைக் காணலாம். முதல் பந்து புதருக்குள் போனால், மல்லிகன் என்று ஒரு பெயரைச் சொல்லி, அதனைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டாவது பந்தை வைத்து அடிப்பார். விதிநூலில் அதற்கு இடமில்லை, நண்பர்கள் இணங்கிவிடுவர். குழிக்கு மூன்றடி தொலைவில் நிற்கும் பந்தை, விழுந்ததாகவே கொள்வோம் என்று கையில் எடுத்துக்கொள்வார். 7 என்பது 6 ஆகும். மாலையில் வீடு திரும்பி, 98 அடிகளில் முடித்தேன் என்று மனைவி மக்களிடம் கூறுவார். பொழுதுபோக்கில் இதுவும் ஒரு குற்றமா என்று கேட்கலாம்.

இவர் இழந்தது என்னவென்று பார்ப்போம். வலக்கைப் பழக்கமுடைய எளிய ஆட்டக்காரர் பெரும்பாலோரைப் பிடித்து ஆட்டும் குறை ஒன்று உண்டு. அடித்த பந்து நேராகப் போவதுபோல் தோன்றி, நடுவானில் வலப்புறமாக வளைந்து மரங்களுக்குள் மறையும். இதனை ஸ்லைஸ் என்பர். பந்து வலப்புறம் போகிறது என்று கண்டவர் என்ன செய்கிறார்? அடுத்த முறை இடப்புறமாகத் திரும்பி நிற்கிறார். மட்டையையும் இடப்புறமாக இழுத்து வீசுகிறார். பந்து இன்னும் பெரிதாக வளைகிறது.

காரணம் இதுதான். பந்து புறப்படும் திசையைப் பெரும்பங்கு தீர்மானிப்பது, அதனைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் நோக்கும் திசையே. பந்து வளைவதோ, அம்முகத்தின் திசைக்கும் மட்டை செல்லும் பாதைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டால் நிகழ்வது. பாதையே புறப்படும் திசையைத் தருகிறது என்று பயிற்சி நூல்கள் பல நெடுங்காலம் கற்பித்து வந்தன. இந்நூற்றாண்டில் பரவிய ரேடார் கருவிகள் உண்மையை யாவரும் காணச் செய்தன. முகம் வலப்புறம் திறந்திருக்க, மட்டையை இடப்புறம் இழுக்க இழுக்க, இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெருகும். அது பெருகப் பெருக வளைவும் பெருகும். மருந்து என்று எண்ணிச் செய்ததே நோயை வளர்க்கிறது.

இந்த ஒரு செய்தியில் வாழ்க்கைக்குரிய பாடம் நிரம்ப உண்டு. குறையைக் களைவது வேறு. குறைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது வேறு. கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குவோனும், சொன்ன பொய்யைக் காக்க இன்னொரு பொய் சொல்வோனும் இடப்புறமாகத் திரும்பி நின்று அடிப்பவர்களே. குடும்பத் தலைவர் ஒருவருக்கு முன்கோபம் இருக்குமாயின், அவர் வரும் ஓசை கேட்டதும் குழந்தைகள் பேச்சை நிறுத்துகின்றனர். மனைவி சொல்ல வேண்டியதை மறுநாளைக்கு ஒத்திவைக்கிறாள். வீட்டில் சண்டையே இல்லை, ஆகவே என் கோபம் தணிந்துவிட்டது என்று அவர் கருதுகிறார். கோபம் தணியவில்லை, வீடு திரும்பி நிற்கிறது, அவ்வளவே. குறைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தால், அது குடியிருப்போனாக நில்லாது, வீட்டுக்கே உடையவனாகிவிடும்.

ஸ்லைஸ் என்னும் குறைக்கு வேர் பல நேரங்களில் மட்டையைப் பிடிக்கும் பிடியிலேயே இருக்கிறது. இடக்கையின் விரல் முட்டிகளில் இரண்டோ மூன்றோ தம் கண்ணுக்குத் தெரியும்படி, இரு கைகளையும் சற்று வலப்புறமாகத் திருப்பிப் பிடித்தால், மட்டையின் முகம் உரிய நேரத்தில் நேராவது எளிதாகும். ஆசிரியர் இதனைச் சில நிமிடங்களில் காட்டிவிடுவார். ஆனால் புதிய பிடி கைக்குப் பிறர் சட்டையை அணிந்ததுபோல் இருக்கும். பழைய பிழையான பிடியே இயல்பு என்று உடல் சாதிக்கும். முதற்சில வாரங்கள் பந்து எங்கெங்கோ போகும், எண்ணிக்கை கூடும், நண்பர்கள் நகைப்பர். இயல்பாகத் தோன்றுவதெல்லாம் சரியன்று, அது பழகியது மட்டுமே என்பதை மனிதன் ஏற்றுக்கொள்ளும் கடினமான இடம் இதுவே.

புகழின் உயரத்தில் இருந்தபோதே இவ்விடத்தைக் கடந்தவர் உண்டு. இங்கிலாந்தின் நிக் ஃபால்டோ 1983-இல் ஐரோப்பியப் பரிசுப் பட்டியலில் முதலிடம் பெற்றவர். அவ்வாறு இருந்தும், தம் வீச்சு பெரிய போட்டிகளின் அழுத்தத்தைத் தாங்காது என்று கண்டு, டேவிட் லெட்பெட்டர் என்னும் ஆசிரியரிடம் சென்று அதனை அடியோடு மாற்றியமைத்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் வெற்றிகள் குறைந்தன. 1987-இல் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் நடந்த ஓப்பன் போட்டியின் இறுதி நாளன்று, 18 குழிகளையும் பாருக்குரிய எண்ணிக்கையிலேயே முடித்துப் பட்டம் வென்றார். ஞாயிறன்று மட்டும் ஆடும் நம் நண்பருக்கு அப்பட்டம் கிட்டப்போவதில்லை. ஆயினும் தாழ்ந்து தோன்றுவதற்கு அஞ்சாத அந்த மனம் பட்டத்துக்கு முந்தியது. அது யாவருக்கும் எட்டும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். எந்நேரமும் தன் குறையையே எண்ணிக்கொண்டிருப்பவன் கை நடுங்கிப்போவான் அல்லவா? தடை நியாயமானதே. மேலே உயர்ந்த மட்டை கீழிறங்கிப் பந்தைச் சேர ஆகும் காலம் ஏறத்தாழக் கால் விநாடி. மட்டையும் பந்தும் தொட்டிருக்கும் காலமோ ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் அறிவு புகுந்து எதனையும் திருத்த இயலாது. முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று அப்பொழுது வினவினால் வீச்சு உடையும். காப்ரியேல் வுல்ஃப் என்னும் அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் கோல்ஃப் பயில்வோருள் ஒரு சாராரைத் தம் கைகளின் அசைவிலும், மறு சாராரை மட்டையின் அசைவிலும் கருத்தை நிறுத்தச் சொன்னார்கள். பயிற்சியின்போதும் பின்னர் நடந்த சோதனையிலும், மட்டையில் கருத்தை வைத்தவர்களே குறியை நெருங்கினர். தன்னையே நோக்கியவனைக் காட்டிலும் செயலை நோக்கியவன் நன்றாகச் செய்தான்.

ஆகவே தன்னாய்வுக்கும் காலம் உண்டு. அடிப்பதற்கு முன் பிடியையும் நிலையையும் குறியையும் சரிபார்க்கலாம். அடித்தபின் பந்து போன வழியைக் கண்டு காரணத்தை ஆராயலாம். அடிக்கும் கணத்தில் இரண்டும் ஆகா. அக்கணத்தில் வெளிப்படுவது அன்றைய சங்கற்பமன்று, முன்பு பல நாள் பழகியதே. நாவின் வசமும் இதுவே. சுடுசொல் புறப்பட்டபின் அதனைப் பிடிக்க இயலாது. அது புறப்படாதவாறு பழகும் காலம், சினமில்லாத அமைதியான நாளில்தான் உண்டு. மேலும், குறையை அறிவதும் குறைக்காகத் தன்னை வைதுகொள்வதும் ஒன்றல்ல. ஒவ்வொரு தவறான அடிக்கும் மட்டையைத் தரையில் அறைபவர் உண்மையில் தம் குறையை ஏற்றவரல்லர். தாம் அதற்கு மேற்பட்டவர் என்று வாதாடுகிறார். 28 என்று அமைதியாக எழுதுபவரே ஏற்றவர்.

இப்பொழுது, எண்ணாமல் விட்ட அந்த ஓர் அடிக்கு வருவோம். 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டி மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் நடந்தது. பணத்துக்கு ஆடாத அமெச்சூராகவே இறுதிவரை நின்ற பாபி ஜோன்ஸ், முதற்சுற்றில் அடிக்க ஆயத்தமானபோது பந்து சிறிது அசைந்தது என்று தாமே அறிவித்து, தம் கணக்கில் ஓர் அடியைத் தண்டமாகக் கூட்டிக்கொண்டார். வேறெவரும் அந்த அசைவைக் காணவில்லை. போட்டி முடிவில் அவரும் வில்லி மெக்ஃபார்லேனும் சமமாக நின்றனர். வெற்றியைத் தீர்மானிக்க மீண்டும் ஆடியதில் ஜோன்ஸ் ஓர் அடியில் தோற்றார். அந்தத் தண்டம் இல்லையேல் பட்டம் முன்னரே அவருடையது. இவ்வாறு நடந்ததற்காகப் புகழ்ந்தோரின் புகழுரையை அவர் ஏற்கவில்லை. தாம் செய்தது செய்யத்தக்கதேயன்றி வேறன்று என்று கருதினார்.

ஜோன்ஸ் இழந்தது பட்டம். நம் நண்பர் ஞாயிறன்று காக்க முயல்வது வெறும் ஓர் எண். எனினும் இருவரும் நின்ற இடம் ஒன்றே: காண்போர் எவரும் இல்லாத இடம். போட்டியில் உடன் ஆடுபவர் எண்ணிக்கையைக் குறித்துக்கொடுத்தாலும், ஒவ்வொரு குழியின் எண்ணிக்கைக்கும் பொறுப்பு ஆடியவருடையதே என்பது விதி. 7-ஐ 6 என்று எழுதியவர் எவர் பொருளையும் கவரவில்லை. தம்மைத் தாம் அறிவதற்கு இருந்த ஒரே அளவுகோலை வளைத்துவிட்டார். இனி அவர் வீச்சு திருந்தினாலும் அவருக்குத் தெரியாது, சீர்கெட்டாலும் தெரியாது. ஆசிரியரிடம் அவர் சொல்லும் நோயும் பொய்; கிடைக்கும் மருந்தும் வீண். பிறருக்குக் கேடில்லாத பொய் என்று நாம் இகழ்ந்து விட்டது, சொன்னவனுக்குத் திருந்தும் வழியையே அடைத்துவிடுகிறது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை காணலாம். முதல்வனாக இயலாதவன் முயல்வது, முதல்வனுக்கும் தனக்கும் உள்ள தொலைவைக் குறைப்பதற்காக மட்டுமன்று. தான் இருக்கும் இடத்துக்கும், இருப்பதாகத் தான் கூறிக்கொள்ளும் இடத்துக்கும் உள்ள தொலைவை அழிப்பதற்காகவே. முன்னது ஆற்றலையும் வயதையும் வாய்ப்பையும் பொறுத்தது. 28 என்பது 24 ஆகலாம், ஆகாமலும் போகலாம். பின்னது நேர்மை ஒன்றையே பொறுத்தது. அதில் முதலிடம் பெற எவருக்கும் தடையில்லை. வீச்சைத் திருத்த விழைவோர் முதலில் கணக்கைத் திருத்துக. கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிய கணக்கைக் கண்ட கை, தன் பிழையைத் தானே தேடத் தொடங்கும். திடலில் மட்டுமன்று, கடையிலும் வீட்டிலும் சபையிலும் இம்முறையே நமக்குத் துணையாவதாகுக.