ஒருபகல் உறவின் அறம்

மனிதரிடையே தோன்றும் உறவுகளுள் நீண்டவையும் உள. மிகக் குறுகியவையும் உள. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும், ஆசிரியருக்கும் மாணவருக்கும், அயலவர்க்கும் அயலவர்க்கும் இடையேயுள்ள உறவு முதல் வகையைச் சாரும். காலையில் துறைமுகத்தில் இறங்கி மாலையில் மீண்டும் கப்பலேறும் பயணிக்கும், அவர் கையில் ஒரு பொட்டலம் கறுவாவைக் கொடுத்துப் பணம் பெறும் வணிகருக்கும் இடையே ஏற்படும் உறவோ இரண்டாம் வகையின் எல்லை எனலாம். நேற்று அஃது இருந்ததில்லை, நாளை இருக்கப்போவதுமில்லை. இத்தகைய உறவில் அறத்திற்கு இடமுண்டா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

கொழும்புத் துறைமுகத்தை அடையும் உல்லாசப் பயணக் கப்பல்களுட் பல ஒரு பகற்பொழுதளவே அங்குத் தரித்து நிற்பன. கரையிறங்கும் குடும்பம் மலைநாட்டைக் காண விரும்பின், கண்டி வரையுள்ள ஏறத்தாழ 115 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்கவே மூன்று மணிநேரமளவு செல்லும். அங்கிருந்து வடக்கே மேலும் 25 கிலோமீற்றர் அளவில் உள்ளது மாத்தளை. சென்று திரும்பும் நேரத்தைக் கழித்தால் எஞ்சுவது சொற்பமே. அதனைத் தலதா மாளிகைக்கும், வாசனைத் திரவியத் தோட்டத்திற்கும், உணவுக்கும், கடைத்தெருவுக்கும் பங்கிட வேண்டும். பாட்டி சிறிது இளைப்பாற விரும்புவார். சிறுவன் யானையைக் காண விரும்புவான். தாய் உறவினருக்குப் பரிசுப்பொருள் தேடுவார். எனவே பயணத்திட்டம் வெறும் நேர அட்டவணையன்று. பங்கீட்டு நீதி பற்றியதொரு முடிவுமாகும். உரத்துக் கேட்பவரின் விருப்பம் மட்டுமே நிறைவேறுமாயின், அநீதி கடைத்தெருவை அடையுமுன் குடும்பத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பொருள் வாங்குதல் பெரும்பாலும் இறுதி அரைமணிக்குத் தள்ளப்படுகிறது. தாமாக வண்டி அமர்த்திச் சென்றோருக்காகக் கப்பல் காத்திராது என்பதைப் பயணி அறிவார், வணிகரும் அறிவார். மிளகு, ஏலம், சாதிக்காய், கராம்பு ஆகியவற்றின் ஊர்ச் சந்தை விலையைப் பயணி அறியார். வேறொரு கடையில் விசாரிக்க அவருக்கு நேரமுமில்லை. அழைத்துவந்த சாரதிக்குத் தரகுப்பணம் கொடுக்கும் வழக்கமும் சிலவிடங்களில் உண்டு. அச்செலவு விலையிலேயே ஏறிவிடும். அறியாமை, அவசரம், மீண்டும் வாராமை ஆகிய மூன்றும் வணிகருக்குச் சாதகமானவை. எனினும் பயணியும் வலிமையற்றவரல்லர். தம் நாட்டில் ஒரு கோப்பை தேநீருக்கும் போதாத தொகைக்காக அவர் பொழுதுபோக்காகப் பேரம் பேசலாம். எதிரே நிற்பவருக்கோ அத்தொகை இரவு உணவாக இருத்தல் கூடும்.

ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ட் 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட அறவியல் நூலொன்றில் ஒரு கடைக்காரரை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். அனுபவமற்ற வாடிக்கையாளரிடமும் அவர் மிகுதியாக விலை பெறுவதில்லை. சிறு பிள்ளையும் அவரிடம் நம்பி வாங்கலாம். ஆயினும் இந்நேர்மை கடமையுணர்விலிருந்தே பிறந்தது எனக் கொள்ள முடியாது. நற்பெயர் வணிகத்திற்கு நலம் பயக்கும் என்பதனாலும் அவர் அவ்வாறு நடந்திருக்கலாம் என்பது கான்ட்டின் கருத்து. துறைமுகப் பயணி இவ்வாராய்ச்சிக்குத் தக்கதோர் உரைகல்லாகிறார். அவர் மீண்டும் வரப்போவதில்லை. அவரிடம் பெறும் நற்பெயரால் நாளைய வணிகம் வளரப்போவதுமில்லை. அந்நிலையிலும் ஒருவர் சரியான விலையைச் சொல்வாராயின், அந்நேர்மைக்கு ஆதாயம் காரணமாதல் அரிது. புகார் நகர வணிகர் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதித்தனர் எனப் பட்டினப்பாலை போற்றுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பல தேயத்து மாந்தர் வந்து சேர்ந்த துறைமுக நகரைப் பாடுமிடத்தே அப்புகழுரை அமைந்துள்ளது.

‘பயணி செல்வர், வணிகர் வறியவர், சில நூறு ரூபாய் மிகுதியாகப் பெறுவதும் ஒருவகை நீதியே’ என்று சிலர் வாதிடுவர். இவ்வாதம் இரக்கத்தையும் ஏமாற்றையும் ஒன்றாகக் குழப்புகிறது. மிகுதியாகக் கொடுத்தல் தக்கதெனின், அதனைக் கொடுப்பவர் அறிந்து கொடுத்தல் வேண்டும். அறியாது இழந்த பணம் ஈகையாகாது.

இக்கருத்தைத் தெளிவுறுத்த மாத்தளை மாவட்டத்திலேயே ஓர் ஊர் உண்டு. கலேவெலைக்கு அண்மையிலுள்ள வஹகோட்டை, புனித அந்தோனியார் திருத்தலத்தாற் புகழ்பெற்றது. ஆங்கு வாழும் கத்தோலிக்கருட் பலர் போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் என்பது வழிவழி வந்த செய்தி. கறுவா வணிகத்தின் பொருட்டு இத்தீவைப் பற்றிக்கொண்ட அவ்வல்லரசு, 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தபோது அச்சமயத்தினர்க்குப் புகலிடமாயிற்று கண்டி இராச்சியம். அதே போர்த்துக்கேயருடன் நெடுங்காலம் போரிட்ட இராச்சியம் அது. வந்தோர் எத்தனை நாள் தங்குவர், அவராற் பெறும் ஊதியம் யாது என்று கணக்கிட்டுப் பார்த்தபின் நீட்டப்படுவதன்று புகலிடம். கப்பலில் வந்த சிலர் இத்தீவின் ஊரவராக மாறியமைக்கு அந்நம்பிக்கையும் ஒரு காரணம்.

விருந்தினர் எத்துணைக் காலம் தங்குவர் என்பதைப் பொறுத்து அறம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பதே இதனாற் பெறப்படும் உண்மை. உறவு குறுகக் குறுக அதனைக் காக்கும் புறக் காவல்கள் குறைகின்றன. ஆதலின் மனச்சான்றின் பொறுப்பு மிகுகின்றது. இதனை உணர்ந்த குடும்பம் காணவேண்டிய இடங்களில் ஒன்றைக் குறைத்தேனும், பொருளின் விலையை விசாரிக்கவும் விற்பவரோடு இரு சொற் பேசவும் நேரம் ஒதுக்கும். இதனை உணர்ந்த வணிகர் விலையை யாவரும் காண எழுதிவைப்பார். மாலையிற் கப்பல் புறப்பட்டபின் இருவரும் ஒருவரையொருவர் மறந்துவிடலாம். ஆயின் தாயின் கையைப் பற்றியவாறு அக்கொடுக்கல் வாங்கலைப் பார்த்து நின்ற சிறுவன் அதனை எளிதில் மறவான்.