யாருக்குக் குளிர்கிறது?

கார்த்திகை பிறந்ததும் ஸ்ரீமுஷ்ணத்தின் பழைய ஜவுளிக்கடைகளில் பரண் மேலிருந்து ஒரு மூட்டை இறங்கும். பிரித்தால் அந்துருண்டை வாசனையோடு ஸ்வெட்டர்களும் குரங்குக் குல்லாக்களும் மஃப்ளர்களும் வெளியே வரும். பாய் விரித்த தரையில் அவை மூன்று அடுக்குகளாகும். கைக்குழந்தையிலிருந்து பத்து வயது வரைக்குமான ஸ்வெட்டர்கள் ஓர் அடுக்கு. ஆண்களுக்கான முழுக்கை ஸ்வெட்டர்களும் மஃப்ளர்களும் இன்னோர் அடுக்கு. வயதானவர்களுக்கும் மலைக்கு மாலை போட்டவர்களுக்கும் சால்வை, கம்பளி மூன்றாவது அடுக்கு. பெண்களுக்கென்று நான்காவது அடுக்கு இருப்பதில்லை. "எனக்கு ஒண்ணு காட்டுங்க" என்று ஒரு பெண் கேட்டால் கடைக்காரருக்கே ஒரு நொடி விளங்காது. "உங்களுக்காக்கா? சால்வையா எடுத்துக்கங்களேன். இல்லன்னா சார் போடுறதுலயே சின்ன சைஸு இருக்கு" என்பார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கேட்காத சரக்கை அவர் ஏன் வாங்கி அடுக்க வேண்டும்?

இதில் ஓர் அறக்கேள்வி இருப்பதாக நினைக்கிறேன். மார்கழி, தை விடியல்களில் எங்கள் ஊரில் வெப்பம் 20 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். இது ஒரு குளிரா என்று மலை நாட்டுக்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்தக் காற்று குழந்தைக்குக் குல்லாவையும் ஆணுக்கு மஃப்ளரையும் தேவையாக்குகிறது. அதே விடியலில் முதலில் எழுந்து, தண்ணீர் தெளித்து, வாசலில் குனிந்து கோலம் போட்டு, ஈரக் கையோடு அடுப்பங்கரைக்குப் போகிறவளுக்கு மட்டும் அது தேவையில்லை என்று எப்படி முடிவாயிற்று? யார் எடுத்த முடிவு அது?

பெண்ணுக்குத் துணி தருவதில் நம் சமூகம் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ஆறு கஜம் தருகிறது. தாவணி, துப்பட்டா, முந்தானை என்று மேலும் மேலும் தருகிறது. "இழுத்துப் போர்த்திக்கோ" என்பது நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் அதிகம் கேட்டு வளரும் கட்டளைகளில் ஒன்று. குளிருக்காக யாரும் அதைச் சொல்வதில்லை. தமிழில் 'போர்த்துதல்' என்ற ஒரே வினைதான் இரண்டு வேலையும் செய்கிறது. குழந்தையைப் போர்த்துவது குழந்தையின் உடம்புக்காக. பெண்ணைப் போர்த்தச் சொல்வது பார்க்கிறவர்களின் கண்ணுக்காக. ஒரு சிறுமியின் துணிமணிகளை ஆண்டுவாரியாகப் பாருங்கள். எட்டு வயதில் அவளுக்கும் தம்பிக்கும் ஒரே மூட்டையிலிருந்து ஸ்வெட்டர் எடுக்கிறோம். பன்னிரண்டு, பதின்மூன்றில் அவள் ஸ்வெட்டர் சிறுத்துப்போகிறது. புதிது எடுப்பதில்லை, துப்பட்டா வந்துவிடுகிறது. துணி குறையவில்லை. அவளுக்காக இருந்த துணி போய், பிறருக்காக உள்ள துணி வந்து சேர்ந்திருக்கிறது.

பிள்ளை பெற்ற நாற்பது நாளும் இதற்கு விதிவிலக்கு. அப்போது காதில் பஞ்சு, தலைக்குத் துண்டு, கதவு ஜன்னல் எல்லாம் அடைப்பு. பச்சை உடம்புக்காரிக்குச் சளி பிடித்தால் பால் குடிக்கும் பிள்ளைக்கும் பிடிக்கும் என்ற கவலை. அந்த அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை வளர்ந்ததும் அந்தத் துண்டும் போய்விடுகிறது. அவளுக்குக் குளிரும் என்பது வீட்டுக்குத் தெரியாத செய்தியல்ல என்பதற்கு அந்த நாற்பது நாளே சாட்சி.

வகுப்பில் பேகனை நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வையாவிக் கோப்பெரும்பேகன், மயில் குளிரில் நடுங்குகிறது என்று இரங்கித் தன் போர்வையைக் கொடுத்தவன். கேட்காமலே கொடுத்த இந்தக் கொடையைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்துவிடுகிறோம். அவன் மனைவி கண்ணகியைப் பற்றி எல்லாரும் படிப்பதில்லை. அவளைப் பிரிந்து பேகன் வேறொருத்தியோடு இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள், அவள் துயரைத் தீர்க்குமாறு அவனிடம் வேண்டிப் பாடினார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டுகள் அவை. மயிலுக்குப் போர்வை கொடுத்த செய்தியும் மனைவிக்காக வேண்டுகிற குரலும் பரணரின் ஒரே பாட்டில் வருகின்றன. ஐந்து பாட்டிலும் கண்ணகி துயரில் இருக்கிறாள். அவளே பேகனிடம் பேசிய ஒரு பாட்டு இல்லை. அவளுக்காகப் பேச நான்கு ஆண்கள் தேவைப்பட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. கார்த்திகை வளர்பிறையில் வரும் கைசிக ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் 108 போர்வைகள் சாற்றும் வைபவம் நடக்கிறது. பெருமாளுக்குக் குளிருமே என்ற பரிவு அதில் இருக்கிறது. அன்று வாசிக்கப்படும் கைசிக புராணம், வராகர் பூமிப்பிராட்டிக்குச் சொன்னதாக வராக புராணத்தில் வருவது. எங்கள் ஊர்ப் பெருமாள் அந்தப் பூவராகர்தான். அவரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. தெய்வத்துக்கும் குளிரும் என்று எண்ணிப் பார்க்கிற மனது பெரிய மனது.

என் வாதம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. மயில் கேட்கவில்லை. பெருமாளும் வாய் திறந்து கேட்கவில்லை. கைக்குழந்தைக்குக் கேட்கத் தெரியாது. மூவருக்கும் போர்வை கிடைக்கிறது. பேசாதவர்களின் குளிரை ஊகித்து அறியும் ஆற்றல் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "அவ எங்க கேட்டா?" என்கிறோம். மற்றவர்களின் மௌனத்துக்குள் தேவையைத் தேடுகிற நாம், அவளுடைய மௌனத்தை மட்டும் தேவையில்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்கிறோம்.

அந்த மௌனம் சான்றாகாது என்று காட்டும் ஒரு கணக்கு உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் உடல்நலம் பற்றிய ஓர் ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்களுக்கு நோய் என்றோ உடம்பு அவ்வளவாகச் சரியில்லை என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 விழுக்காடு. அமர்த்தியா சென் இந்தக் கணக்கைப் பல இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்தக் காலத்து வங்காள விதவைகள் ஆண்களைவிட இருபது மடங்கு ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது நம்புவார்களா? தன் உடம்பைத் தனியாக எடுத்துக் கவனிக்கவும் அதைப் பற்றிக் குறை சொல்லவும் தனக்கு இடமுண்டு என்ற நினைப்பே அவர்களுக்கு இருந்திருக்காது. நெடுங்காலம் கிடைக்காத ஒன்றை வேண்டாம் என்று சொல்ல மனது பழகிக்கொள்கிறது.

"அது தியாகம். பெண் விரும்பித் தருவது. அதையும் ஏன் கேள்வி கேட்கிறீர்கள்?" என்று மாணவிகளே கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு ஸ்வெட்டர்தான் வரும் என்றால் பிள்ளைக்குத்தான் எடுப்போம், எடுக்க வேண்டும். ஆனால் தியாகம் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விட்டுக்கொடுத்தது எது என்று கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "எனக்கும் குளிருது, ஆனா இந்த வருஷம் உனக்கு எடுத்துக்கலாம்" என்பது தியாகம். பிள்ளை அதை நினைவில் வைத்திருக்கும். அடுத்த ஆண்டு அவள் முறை வரும். "எனக்கு என்ன குளிரு" என்பதில் விட்டுக்கொடுத்தது எதுவுமே இல்லை. எனவே திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. முதலில் சொன்னதைக் கேட்டு வளரும் மகன் கணக்கு வைத்துக்கொள்வான். இரண்டாவதைக் கேட்டு வளர்பவன், பெண்களுக்குக் குளிராது என்று உண்மையாகவே நம்புவான்.

உழைக்கும் பெண்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். நாற்று நடவும் களை எடுக்கவும் நூறுநாள் வேலைக்கும் போகிறவர்கள் சேலைக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். அது வெயிலுக்கும் ஆகிறது, பனிக்கும் ஆகிறது. தன் உடம்புக்கு ஒன்று வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்கும் கிடைப்பது ஆணுக்கென்று தைத்து, ஆண் போட்டுக் கழித்தது. அரசு மலைப்பகுதிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்குக் கம்பளிச்சட்டை தருகிறது. அங்கே ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற பேதம் இல்லை. ஓர் ஊரில் குளிர் என்று முடிவு செய்துவிட்டால் அங்கே உள்ள உடம்புகளுக்கெல்லாம் குளிர்தான். இந்த எளிய நியாயம் வீட்டுக்குள்ளும் செல்லுபடியாக வேண்டும்.

தமிழில் 'நான் குளிர்கிறேன்' என்று சொல்வதில்லை, 'எனக்குக் குளிர்கிறது' என்கிறோம். பசிப்பதும் வலிப்பதும் தூக்கம் வருவதும் அப்படித்தான். எல்லாம் நான்காம் வேற்றுமையில் வருகின்றன. அவை நாம் செய்பவை அல்ல, நமக்கு நேர்பவை. நேர்ந்ததைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. நல்லவளாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் பேச்சில் அதிகம் புழங்குவது 'நான் பொறுத்துக்கிறேன்', 'நான் பாத்துக்கிறேன்' என்ற எழுவாய் வாக்கியங்கள். செய்கிற இடத்தில் எல்லாம் அவள் இருக்கிறாள். நேர்கிற இடத்தில் காணாமல் போகிறாள்.

ஜவுளிக்கடைக்காரர் நான்காவது அடுக்கைத் தானாக வைக்க மாட்டார். கேட்பவர்கள் வந்தால் வைப்பார், வியாபாரம் அப்படித்தான். நாம் கேட்க வேண்டும். அதோடு, கேட்காத அம்மாவுக்கும் மாமியாருக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும், மயிலுக்குக் கொடுத்ததுபோல், கேட்காமலே எடுத்துத் தரவும் வேண்டும். பன்னிரண்டு வயதில் ஸ்வெட்டர் சிறுத்துப்போன பெண்ணுக்குப் பெரிய அளவில் இன்னொன்று வாங்கித் தருவதிலிருந்து இதைத் தொடங்கலாம்.