ஆண்மை என்னும் சொல்லும் உடலின் இயலாமையும்

1659 ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் விந்தையான வழக்கொன்று முடிவுற்றது. லான்சே என்னும் பிரபு இல்லறத்துக்கு ஆற்றலற்றவர் என அவருடைய மனைவி முறையிட்டிருந்தார். மருத்துவரும் மருத்துவிச்சியரும் அயலிலே காத்திருக்க, குறித்த காலத்துள் தம் ஆற்றலை மெய்ப்பிக்கும் சோதனையைப் பிரபு தாமே வேண்டிப் பெற்றார், தோற்றார், திருமணம் செல்லாதென மன்று தீர்த்தது. பின்னர் அவர் வேறொரு பெண்ணை மணந்து பல பிள்ளைகளுக்குத் தந்தையானார். 1677 இல் அந்நீதிமன்றம் இச்சோதனை முறையையே ஒழித்துவிட்டது.

சோதனை ஒழிந்தது, அதன் பின்னிருந்த எண்ணம் ஒழியவில்லை. தமிழில் ‘ஆண்மை’ என்பது வீரத்தையும் ஆளுந்திறனையும் சேர்த்தே சுட்டுஞ் சொல். ஆகவே, ஒருவனுக்கு ‘ஆண்மைக்குறைவு’ என்னும்போது, உறுப்பொன்றின் தொழிற்பாடு பற்றிய செய்தி அவனுடைய பண்பு பற்றிய தீர்ப்பாகிவிடுகின்றது. கண்பார்வை மங்கியவனை எவரும் கோழை என்பதில்லை. ஆங்கிலத்திலும் ‘வலுவின்மை’ எனப் பொருள்படும் சொல்லே நெடுங்காலம் வழங்கியது. அதனைக் கைவிட்டு, விறைப்புத் தொழிற்பாட்டின் குறைபாடு என்றே கூறவேண்டும் என 1992 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய மாநாடு பரிந்துரைத்தது.

விறைப்பு பெரிதுங் குருதியோட்டத்தின் விளைவு. நரம்புத் தூண்டலால் நைத்திரிக்கொட்சைட்டு சுரக்க, நாடிச்சுவரின் தசை தளர்ந்து குருதி நிறைகின்றது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் புகைத்தலும் இந்நாடிகளைக் கெடுக்கின்றன. சில மருந்துகளும் மனச்சோர்வும் தடையாகலாம். அச்சமும் அவ்வாறே, லான்சேயின் கதை அதற்குச் சான்றாகலாம். ஆண்குறியின் நாடிகள் இதய நாடிகளிலும் ஒடுங்கியவை. ஆதலால், மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னரே இக்குறை தோன்றி எச்சரித்தலும் உண்டு.

இவ்வுறுப்பு மனிதனின் விருப்புக்குக் கீழ்ப்படியாமையை, முதற் பாவத்துக்குரிய தண்டனையாகக் கண்டார் அகுஸ்தீனார். அவருடைய இறையியலை ஏலாதவரும் அவர் கூர்ந்து கண்டதை மறுத்தல் அரிது. விருப்பின் ஆட்சிக்கு உட்படாத ஒன்று குற்றமாதல் எங்ஙனம்?

ஆனால், மறைத்தல் விருப்புக்கு உட்பட்டது. அறவினா எழுவது இங்கேதான். கணவன் காரணங் கூறாது விலகுகின்றான். மனைவியோ தன் அழகிலும் அன்பிலும் குறை தேடுகின்றாள். பிள்ளையில்லாத வீடாயின் ஊரின் பழியும் அவள் மீதே விழும். அவன் காக்கும் மானத்துக்கு விலை கொடுப்பவள் அவளே. எனினும், முழுப் பொறுப்பையும் அவன்மீது சுமத்துதல் நேர்மையன்று. அவ்வெட்கத்தை அவன் தனியே உண்டாக்கவில்லை; நகையாடிய நண்பரும், நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் மருந்தெழுதியும் இதுபற்றி ஒருமுறையேனும் வினவாத மருத்துவரும் அதிற் பங்காளிகளே.

மௌனத்தின் விலை சிலவேளை உயிராகவும் இருக்கலாம். 1998 இல் விற்பனைக்கு வந்த சில்டெனாபில் பலருக்குப் பயன் தருவது. ஆயின், நெஞ்சுநோவுக்கு வழங்கப்படும் நைத்திரேற்று மருந்தோடு அது சேர்ந்தாற் குருதியமுக்கம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும். மாத்திரையை மறைவாக வாங்கி விழுங்கியவன் நெஞ்சுநோவுடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகின்றான் எனக் கொள்வோம். மனைவி அருகில் நிற்கின்றாள். என்ன மருந்துகள் உட்கொண்டாய் என மருத்துவர் வினவுகின்றார்.